வரிசையில் போன சொல்

“நீ கேட்டதைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல்” என்று நீதிபதி மறுபடியும் சொன்னபோது, அடித்த வரியை வைத்திருப்பதா அழிப்பதா என்று தெரியாமல் என் விரல்கள் தட்டச்சு இயந்திரத்தின் மேல் அந்தரத்தில் நின்றன. கோர்ட்டில் சாட்சியம் தட்டச்சு செய்கிறவனின் தொழில் அதுதான்: காதில் விழுந்தது செல்லுமா என்று இன்னொருவர் முடிவு செய்யும்வரை கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நீங்களும் என்றைக்காவது வாய்தாவுக்காகக் கோர்ட் வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவராக இருந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் சுகமாக இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கூண்டில் நின்றவர் வயலில் கூலி வேலை செய்யும் பெரியவர். அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கியதால் நடந்த அடிதடி வழக்கு. திருவாரூருக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் நெல்லைவிட இந்த வழக்குகள்தான் நன்றாக விளைந்தன. யார் அடித்தது என்று கேட்டால், சின்னப் பண்ணைதான் அடித்தார் என்று ஊரே சொன்னதாகச் சொல்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து “கேள்வி சாட்சியம், ஆட்சேபிக்கிறேன்” என்கிறார். அதாவது பிறர் சொல்லக் கேட்டது சாட்சி ஆகாது. நீதிபதி பெரியவரிடம் இதைப் பொறுமையாக விளக்கினார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தபடி சொன்னார்: “எசமான், பாத்தவன் எவனும் சாட்சிக்கு வர மாட்டேன்னுட்டான். கேட்டவன் நான் ஒருத்தன்தான் வந்தேன்.”

புது மெஷின்

ஆட்சி மாறியதும் கோர்ட்டில் இரண்டு மாற்றம் வந்தது. சுவரில் இருந்த படங்களின் வரிசை மாறியது. எனக்குத் தமிழ் தட்டச்சு இயந்திரம் வந்தது. அதுவரை சாட்சி தமிழில் சொல்வார், நீதிபதி ஆங்கிலத்தில் சொல்ல நான் அடிப்பேன். கடைசியில் அதை ஆங்கிலத்திலேயே மளமளவென்று படித்துக் காட்டி, “சரிதானே?” என்று கேட்டால் சாட்சி தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைப்பார். ஒரு தகராறும் கிடையாது. இனித் தமிழிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தபின் எங்கள் நீதிபதி சிரமப்பட்டார். சட்டம் முழுவதும் அவருக்கு ஆங்கிலத்தில்தான் வரும். சாட்சி “பதறி அடிச்சுக்கிட்டு ஓடியாந்தேன்” என்பார். நீதிபதி கண்ணை மூடி யோசித்து, “விரைந்து வந்தேன்” என்று எனக்குச் சொல்வார். பதற்றமும் அடித்துக்கொண்டதும் அரசாங்கக் கணக்கில் ஏறாது.

புதிதாக வந்த அரசு வக்கீலுக்குத் தமிழ் ஒரு பிரச்சினையே இல்லை. மேடைகளில் பேசிப் பேசித்தான் அந்தப் பதவிக்கு வந்தார். வாழைத்தார் திருட்டுக்குக்கூட “வஞ்சகர் வலையில் வீழ்ந்த வாழையின் வரலாறு இது” என்று ஆரம்பிப்பார். நீதிபதி, “சாட்சியைக் கூப்பிடுங்க” என்பார். தமிழ் வந்ததில் வருத்தப்பட்டவர் கோர்ட்டின் தலைமை எழுத்தரான எங்கள் சிரஸ்தார் மட்டும்தான். படித்துக் காட்டும்போது சாட்சிகள் நடுவில் கையை உயர்த்தி, “நான் இப்படிச் சொல்லலீங்களே” என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் என் மேஜையருகே நின்று அவர் சொன்னார்: “தமிழ்ல அடிக்கிறதுல ஒரே ஒரு கஷ்டம்ப்பா. சாட்சிக்காரனுக்குப் புரிஞ்சிருது.”

பெயர்

இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே வழக்கில் நடந்தது. அந்தப் பெண்ணைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. அப்போது முதல் வேலையே பெயரைச் சொல்வதுதான். செல்வி பண்ணையில் நடவு வேலைக்குப் போகிறவள். பண்ணையின் காரியஸ்தர், அதாவது மிராசுதாருக்காக நிலத்தையும் ஆட்களையும் மேய்க்கிறவர், மோட்டார் கொட்டகைக்குள் அவளைப் பலாத்காரம் செய்தார் என்பது வழக்கு. காரியஸ்தர் ஜாமீனில் வந்து வக்கீல் குமாஸ்தாவின் பெஞ்சில் காற்றாட உட்கார்ந்திருந்தார். செல்வியும் அவளோடு வந்த நடவுப் பெண்களும் வராந்தாவின் மறுகோடியில் தூணோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் டவாலிக்குக் குரல்தான் மூலதனம். வாசலில் நின்று செல்வியின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து அவர் கூவினால் எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அன்றைக்கும் அப்படித்தான் கூவினார். வராந்தா முழுவதும் திரும்பியது. பாக்கு மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். செல்வி எழுந்திருக்கும்முன், அவள் பக்கத்தில் இருந்த நடுத்தர வயதுப் பெண் எழுந்தாள். பாக்கியம் என்று பெயர், வழக்கில் முக்கியமான சாட்சி. டவாலி மறுபடி வாயைத் திறக்கப் போனார். பாக்கியம் அவரைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னும் சத்தமா கூப்பிடுண்ணே. பஸ் ஸ்டாண்டுல நாலு பேருக்குக் கேக்காம போயிருக்கும்.”

ஏட்டையா வகுப்பு

இந்தப் புகாரைப் பதிவு செய்த ஸ்டேஷனின் ஏட்டையா கெட்டவர் இல்லை. செல்வியின் வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். அதுதான் ஆபத்தாக முடிந்தது. வருடக்கணக்கில் கோர்ட்டில் நின்று அவர் கற்றுக்கொண்ட சட்டம் ஒரே வரி: கேட்டது செல்லாது, பார்த்தது செல்லும். ஆகவே அவர் எழுதும் வாக்குமூலங்களில் யாரும் எதையும் கேட்டிருக்கவே மாட்டார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள்.

என் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பூவரசு மரத்தடியில்தான் அவர் வகுப்பு நடக்கும். பாக்கியத்தை நிறுத்திப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கொட்டகைப் பக்கம் போனேன். கதவு இடுக்குல பாத்தேன். அவ்வளவுதான். சொல்லு.”

“நான் போவலீங்களே. நான் நட்டுக்கிட்டு நின்னேன். அதுதான் வந்து எங்கிட்ட சொல்லுச்சு.”

“சொல்லுச்சுன்னு சொன்னா செல்லாதும்மா. எத்தனை தடவ சொல்றது? நல்லதுக்குத்தான் சொல்றேன். பாத்தேன்னுதான் உன் வாக்குமூலத்துல எழுதியிருக்கேன்.”

“நீங்க எழுதுனதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?”

ஏட்டையா பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பாக்கியம் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள்: “சரிங்க ஏட்டையா. பாத்தேன்னு சொன்னா, பாத்துக்கிட்டுச் சும்மாவா நின்னேன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்லணும்னும் சேத்துச் சொல்லிக் குடுங்க.”

ஓடிப்போகும் தூரம்

எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் ஊரில் பெரிய சீனியர். குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய வாதம் எளிமையானது. பண்ணைக்கும் விவசாயக் கூலிகளின் சங்கத்துக்கும் கூலித் தகராறு. சங்கத்துக்காரர்கள் நாலைந்து நாள் உட்கார்ந்து யோசித்து இந்தப் புகாரைத் தயார் செய்தார்கள். இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஏன் அத்தனை நாள் கழித்துப் பதிவாகியிருக்கிறது?

செல்வி கூண்டில் கம்பியைப் பிடிக்காமல் நின்றாள். நடந்ததை அரசு வக்கீல் கேட்டபோது தரையைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டாள். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. ஒருமுறை அடித்தது போதும். கொட்டகையிலிருந்து வந்ததும் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு வயலில் இறங்கிப் பாக்கியத்திடம் சொன்னதாகச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஆனால் அங்கே மிராசுதார் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நடவுப் பெண்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனதாக அவர் கொடுத்த புகாரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வா, அப்புறம் வா என்று நாலைந்து நாள் போனது.

சீனியர் மெல்லக் கேட்டார். “சாலை பக்கத்தில்தானே இருக்கிறது? சாலையில் போய்க் கத்தியிருக்கலாம். வீட்டுக்கு ஓடியிருக்கலாம். தாய் தகப்பனிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் திரும்ப வேலைக்குப் போய் நின்றிருக்கிறாய். இப்படி ஒன்று நேர்ந்த பெண் செய்கிற காரியமா இது?”

செல்வி முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். “சாலையில பண்ணை டிராக்டர் நின்னுச்சு. வீட்டுக்குப் போறதுன்னா பண்ணை வீட்டத் தாண்டித்தான் போவணும். நான் ஓடிப்போய்ச் சொல்ற தூரத்துல இருந்தது அந்த நடவு வரிசை ஒண்ணுதாங்க.”

சூடு

பாக்கியம் கூண்டில் ஏறி, “செல்வி வந்து எங்கிட்ட சொல்லுச்சு” என்று ஆரம்பித்ததும் சீனியர் எழுந்தார். ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டார். கேள்வி சாட்சியம், ஆட்சேபணை. என் கை வழக்கம்போல மேலே போனது.

ஆனால் நீதிபதி அன்றைக்குப் புத்தகத்தோடு வந்திருந்தார். கேட்டது செல்லாது என்ற விதிக்கு உள்ள விலக்குகளை அவர் படித்துச் சொன்னபோது கோர்ட்டில் முதலில் ஆச்சரியப்பட்டது அரசு வக்கீல்தான். இப்படிப்பட்ட குற்றத்தில், பாதிக்கப்பட்ட பெண் நடந்த சூட்டோடு சூடாகப் போய் முறையிட்டிருந்தால், அவள் முறையிட்டாள் என்பதும் என்ன முறையிட்டாள் என்பதும் சாட்சியத்தில் வரலாம். காதால் கேட்டவளே வந்து சொல்ல வேண்டும். ஆறிப்போனது செல்லாது. “ஆகவே கேள்வி என்னவென்றால், அது சூடாக இருந்ததா?” என்றார் நீதிபதி. அடுத்த அரைமணி நேரம் படித்த மனிதர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணின் சொல்லைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தார்கள்.

எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னாள்? பாக்கியத்திடம் கடிகாரம் இல்லை. “நான் ஒரு முடி நாத்தப் பிரிச்சு நட்டு முடிக்கல, அதுக்குள்ள” என்றாள். ஒரு முடி, அதாவது ஒரு கட்டு நாற்று என்றால் எத்தனை நிமிடம் என்று நீதிபதி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. “சற்று நேரத்துக்குள்” என்று நான் அடித்தேன். சீனியர் அடுத்த புள்ளிக்கு வந்தார். முகம் கழுவியிருக்கிறாள். முகம் கழுவ அவகாசம் இருந்தது என்றால் யோசிக்கவும் அவகாசம் இருந்தது. யோசித்துச் சொன்னது ஆறிய சொல். மேலும், முறையிடுவது வேறு, வெறுமனே சொல்வது வேறு. சட்டம் முறையீட்டைத்தான் ஏற்கிறது.

“அழுதாளா?”

“இல்லீங்க.”

“தலைவிரி கோலமாக வந்தாளா?”

“இல்லீங்க. முடிய முடிஞ்சிருந்துச்சு.”

“மாரில் அடித்துக்கொண்டாளா?”

“இல்லீங்க.”

சீனியர் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்து உட்கார்ந்தார். நீதிபதிக்கே அது இடித்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, “அழவில்லை, கத்தவில்லை. பிறகு எதை வைத்து நீ நம்பினாய்?” என்று கேட்டார். பாக்கியம் இரண்டு கையையும் நீட்டி, எது எந்தப் பக்கம் என்று காட்டினாள். “வரிசையில அது எப்பவும் எனக்குக் கெழக்கால, கொட்டகைப் பக்கமா நிக்குங்க. அன்னிக்கு என்னைத் தாண்டிப் போயி மேக்கால நின்னுச்சு. கொட்டகைக்கும் அதுக்கும் நடுவுல நான் இருக்கறாப்ல.”

எதிர் சாட்சி

அத்தோடு அரசு வக்கீல் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் தன் வழக்குக் காகிதக் கட்டைப் பார்த்தார். அதில் பாக்கியம் கதவு இடுக்கில் பார்த்ததாக ஏட்டையா எழுதிய வாக்குமூலம் இருந்தது. கூண்டில் நிற்கும் பாக்கியமோ தான் கொட்டகைப் பக்கமே போகவில்லை என்கிறாள். போலீஸில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று. சாட்சி விலை போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மேடை அனுபவம் வேலை செய்தது. எழுந்து, “வாய்மைக்கு வந்த இந்த வாய், வாங்கப்பட்ட வாய்” என்று ஆரம்பித்து, தன் சொந்தச் சாட்சியையே எதிர் சாட்சி என்று அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

சீனியர் ஆட்சேபிக்கவில்லை. வாழ்நாளில் அவருக்கு இப்படி ஓர் உதவி கிடைத்திருக்காது. நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அனுமதி கொடுத்தார். பிறகு அரசு வக்கீல் பாக்கியத்தைக் குறுக்கு விசாரணை செய்தார். எவ்வளவு வாங்கினாய், யார் கொடுத்தது, எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று. செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பக்கத்து வக்கீல் யார், எதிர்ப் பக்கத்து வக்கீல் யார் என்று அவளுக்கு அந்த நேரத்தில் குழம்பியிருக்கும். எனக்கே குழம்பியது. எதிர் சாட்சி என்றால் என்னவென்று பாக்கியம் கேட்டாள். அரசுத் தரப்பை விட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாய் என்று அர்த்தம் என்றார் நீதிபதி. “நான் எங்கயும் போவலீங்க. அன்னிக்குச் சேத்துல நின்ன எடத்துலயேதான் நிக்கிறேன். இவருதான் சுத்திச் சுத்தி வர்றாரு.”

இறங்கலாம்

வரிசையில் பாக்கியத்துக்கு அடுத்து நின்ற பெண், அவளுக்கு அடுத்தவள் என்று மற்றவர்களுக்கும் சம்மன் போயிருந்தது. உனக்கு யார் சொன்னது? பாக்கியம். அப்படியானால் அது கேட்டவள் சொல்லக் கேட்டது, இறங்கலாம். அடுத்தவள் கூண்டில் ஏறுவாள், முந்தானையைச் சரிசெய்து நிமிர்வாள், அதற்குள் இறங்கலாம். சட்டப்படி விலக்கு முதல் காதோடு நின்றுவிடும். எனக்கு அன்று அடிக்க வேலையே இல்லை. கடைசியாக வந்த பெண் மட்டும் இறங்காமல் நின்றாள். நடவு நேரம், கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி மரியாதைக்குக் கேட்டார். “எனக்கு வந்த சொல்லு செல்லாதுன்னா சரிங்க. ஆனா அதக் கேட்டுட்டுத்தானே கையில இருந்த நாத்தப் போட்டுட்டு வரப்புல ஏறினேன். அதயாவது எழுதிக்குங்க.” நீதிபதி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சீனியர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நீதிபதி அவளிடம் சொன்னார்: “இறங்கலாம்மா.”

குடை பிடித்த சாட்சி

வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. முக்கியச் சாட்சி எதிர் சாட்சி ஆகிவிட்டாள். மற்றவர்கள் கூண்டில் ஏறி இறங்கிவிட்டார்கள். செல்வியின் சொல்லுக்குத் துணை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. சீனியர் அத்தோடு விட்டிருக்கலாம். சங்கத்துக் கூலித் தகராறை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் காட்டுவோம் என்று மிராசுதாரையே தன் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார். மிராசுதார் ஜிப்பாவும் விபூதியுமாக வந்து கூண்டில் ஏறாமல் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். நீதிபதி சொன்னபின் ஏறினார்.

அவர் வந்தது காரியஸ்தருக்காக இல்லை என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. அவர் நாற்றுக்காக வந்திருந்தார். பறித்த நாற்றைப் போட்டு வைத்தால் வாடிப்போகும். பாதி வயல் நட்டும் பாதி வயல் நடாமலும் நின்றது. நாற்று முடிகள் அப்படியே வெயிலில் கிடந்தன. இதைப் பற்றி ஸ்டேஷனில் புகார் கொடுத்தும் யாரும் கவனிக்கவில்லை, காரியஸ்தர் விவகாரம் வந்து தன் நாற்று விவகாரத்தை அமுக்கிவிட்டது என்பது அவர் மனக்குறை.

“சங்கத்துக்காரர்கள் வந்து தூண்டியதால்தான் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சரிதானே?” என்று சீனியர் எடுத்துக் கொடுத்தார்.

மிராசுதார் முகம் சிவந்தது. “சங்கத்துக்காரனா? என் வரப்புலயா? எவன் சொன்னான்? என் வயல்ல கால் வெச்சுட்டு முழுசாத் திரும்பிப் போயிருவானா அவன்?”

“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு இல்லாவிட்டாலும் முதல்நாள்...”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? நான்தான் வரப்புல குடை பிடிச்சுக்கிட்டு நின்னேனே. காலையிலேருந்து ஒருத்தன் வரல. ஒழுங்காத்தான் நட்டுக்கிட்டு இருந்தாளுவ.”

சீனியர் உட்கார்ந்துவிட்டார். எழுந்து நின்ற அரசு வக்கீலைக் கையமர்த்திவிட்டு நீதிபதியே கேட்டார். “பின்னே எதனால் நிறுத்தினார்கள்?”

“அதாங்க எனக்கும் வெளங்கல. இந்தப் பொண்ணு கொட்டகையிலேருந்து வந்துச்சு. வாய்க்கால்ல மூஞ்சியக் கழுவிச்சு. வயல்ல எறங்கி இந்தப் பாக்கியத்துக்கிட்ட என்னமோ சொல்லுச்சு. சத்தம்கூட இல்ல. பாக்கியம் கையில இருந்த நாத்து நழுவித் தண்ணியில விழுந்துச்சு. அவ அடுத்தவகிட்ட சொன்னா. அவளும் நிமுந்தா. இப்படியே ஒவ்வொருத்தியா நிமுந்துக்கிட்டே போறாளுவ, அந்தக் கோடி வரைக்கும். குனிஞ்சு நின்ன வரிசை பூரா நிமுந்துட்டுது. அப்புறம் ஒருத்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமே? ஒண்ணும் இல்ல. ஏறிப் போய்ட்டாளுவ.”

என் கை நிற்கவே இல்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இது யாரோ சொல்லக் கேட்டதில்லை, எல்லாம் கண்ணால் பார்த்தது. அப்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று நீதிபதி கேட்டார். மிராசுதாருக்கு அந்தக் கேள்வி அநாவசியமாகப் பட்டது. “அவ மூஞ்சிய யாருங்க பாத்தா? நான் நாத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

தீர்ப்பு

தீர்ப்பை நான்தான் அடித்தேன். ஆகவே வராந்தாவில் இருந்தவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும், சொல்லக்கூடாது. பாக்கியத்தை எதிர் சாட்சி என்று அறிவித்ததால் அவள் சொன்னது பொய்யாகிவிடாது என்று நீதிபதி எழுதியிருந்தார். செல்வி சொன்னதைக் கேட்டது பாக்கியம், சொன்னதைப் பார்த்தது மிராசுதார், இருவருக்கும் இடையில் எந்தக் கூட்டும் இருக்க முடியாது என்றும், முகம் கழுவுகிற நேரத்தில் ஒரு பெண் கூலித் தகராறுக்காகப் பொய்ப் புகாரைத் திட்டமிட முடியாது என்றும் எழுதியிருந்தார். காரியஸ்தருக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் என்ன ஆனது என்பது வேறொரு கோர்ட்டின் தட்டச்சர் எழுத வேண்டிய கதை.

அரசு வக்கீல் தன் வாதத்தின் வெற்றி என்று வராந்தாவில் கை குலுக்கிக்கொண்டிருந்தார். ஏட்டையா, பார்த்த சாட்சிதான் கடைசியில் ஜெயித்தது என்று யாரிடமோ நிரூபித்துக்கொண்டிருந்தார். மிராசுதார் மட்டும் என் ஜன்னலருகே வந்து நின்றார். தீர்ப்பில் தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று விசாரித்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் குடையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி, நாத்துக்கு என்ன சொல்லியிருக்காரு?”

அடுத்தவர் வாயிலிருந்து வந்ததையே அடித்து அடித்து ஓய்வுபெற்ற நான் இங்கே உங்களுக்குச் சொன்னது எதுவும் சட்டப்படி செல்லாது, எனக்கு எந்த விலக்கும் கிடையாது.

அன்றைக்குச் செல்வி தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து தூணோரம் குனிந்து பாக்கியத்திடம் சொன்னாள். பாக்கியம் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அது அப்படியே சுவரோரமாகக் கடைசிப் பெண் வரைக்கும் போனது, எல்லாரும் எழுந்து பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்கள். வாசலில் போலீஸ் வேன் நின்றது. காரியஸ்தரை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதைத் தாண்டிப் போகும்போது, பாக்கியம் தூக்குவாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, செல்வியைச் சுற்றி வேன் இருந்த பக்கமாக வந்து நடந்தாள்.